சித்திரத்தில் சுதேசம்

நவீன ஓவியனை நோக்கி உன் சித்திரத்தில் உன் நாடு எங்கே இருக்கிறது என்று கேட்பது எளிது. அந்தக் கேள்விக்குக் கிடைக்கக்கூடிய விடைகளுள் மிக மலிவானதையே நாம் விரும்பி ஏற்றுக்கொள்கிறோம் என்பதுதான் வருந்தத்தக்கது. கோபுரம் ஒன்றை எழுதி, அதன் நிழலில் குடம் ஏந்திய பெண் ஒருத்தியை நிறுத்திவிட்டால், நாட்டின் பண்பாடு முழுவதும் அந்தச் சித்திரத்தில் வந்து இறங்கிவிட்டதாக மனநிறைவு கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. சுற்றுலாத் துறையின் சுவரொட்டிக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் பண்பாடு அதன் சின்னங்களில் மட்டுமே அடங்கியிருக்குமானால், எந்த நாட்டானும் அந்தச் சின்னங்களைப் பிரதி செய்து அந்நாட்டுக் கலைஞனாகிவிடலாம். கலைஞனுடைய தேசம் அவன் எதை வரைகிறான் என்பதைக் காட்டிலும், எப்படிப் பார்க்கிறான், கோட்டை எந்த வேகத்தில் ஓட்டுகிறான், செம்பையும் மரத்தையும் காகிதத்தையும் எந்தப் பழக்கத்தோடு தொடுகிறான் என்பதில்தான் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னையில், பெரியமேட்டு ஓவியக் கல்லூரியின் பட்டறைகளிலும் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலிலும், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒரு சிறு கூட்டத்தார் மேற்கொண்ட முயற்சியைச் சற்று நிதானமாகப் பரிசீலித்தாலே போதும்.

இந்த விவகாரத்துக்கு நம் நாட்டில் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. ராஜா ரவிவர்மா ஐரோப்பியத் தைல வர்ண முறையைக் கைவரப் பெற்று, புராண நாயகியருக்கு ரத்தமும் சதையும் தந்து, 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தின் வாயிலாக அவர்களை நாடெங்கும் உள்ள பூஜை அறைகளுக்கு அனுப்பிவைத்தபோது, கதை நம்முடையதாயினும் பார்வை அந்நியருடையது என்று அடுத்த தலைமுறையினர் குறை கூறினர். அந்தக் குறையைத் தத்துவமாக்கியவர் ஈ.பி. ஹேவல் என்னும் ஆங்கிலேயர். அவர் கல்கத்தாவுக்குச் செல்வதற்கு முன்னர், 1884 முதல் நம் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராக இருந்து, தென்னாட்டுக் கைவினைஞர்களின் திறமையை நேரில் கண்டறிந்தவர் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கல்கத்தாவில் அவரோடு சேர்ந்த அவனீந்திரநாத தாகூர், மொகலாயச் சிற்றோவியத்தின் நுணுக்கத்தையும் ஜப்பானியரின் நீர்வர்ணப் பூச்சையும் இணைத்து, சுதேசி இயக்கம் கொழுந்துவிட்டெரிந்த 1905இல், காவி உடுத்து நான்கு கரங்களில் நெற்கதிரும் சுவடியும் வெண்துகிலும் ஜபமாலையும் ஏந்திய பாரத மாதாவைப் படைத்தார். அந்தச் சித்திரத்தின் சரித்திர முக்கியத்துவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் வங்காளத்தாரின் அந்தப் பாணி, கடந்த பொற்காலத்தைப் பனிமூட்டத்தினூடே பார்த்து ஏங்குவதையே தேசபக்தியாகக் கருதிவிட்டது. ஏக்கம் எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும், சிருஷ்டிக்கு அது ஓர் அளவுக்கு மேல் ஆகாரமாகாது.

பாரிஸில் பயின்று திரும்பிய அம்ரிதா ஷேர்கில் அஜந்தாவையும் தென்னாட்டுச் சுவரோவியங்களையும் கண்டு, 1937இல் தென்னிந்திய மக்களைக் குறித்து மூன்று பெரும் சித்திரங்களை எழுதினார். யாமினி ராய் அந்நிய வர்ணங்களைக் கைவிட்டு, கிராமத்துப் படக்காரர்களின் வழியில் மண்ணிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் தாமே வர்ணம் செய்துகொண்டார். கடல் கடந்த மெக்சிகோவில் 1920களில் புரட்சி அரசாங்கம் பொதுக் கட்டடங்களின் சுவர்களையே ஓவியர்களிடம் ஒப்படைக்க, ரிவேராவும் ஒரோஸ்கோவும் சிக்கேரோஸும் ஒரு தேசத்தின் வரலாற்றை அதன் குடிமக்கள் நடந்து செல்லும் வழியிலேயே எழுதிவைத்தார்கள். நம் சென்னைக் கலைஞர்களுக்கு அப்படி ஒரு சுவரையும் எவரும் கொடுக்கவில்லை. அவர்களுக்கு வாய்த்தது ஒரு கைத்தொழிற் பள்ளிக்கூடம்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தம் சொந்த முயற்சியால் தொடங்கி, இரண்டே ஆண்டுகளில் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்த அந்தப் பள்ளி, உலோகம், மண்பாண்டம், மரவேலை முதலிய உபயோகக் கலைகளைப் போதிப்பதற்காக ஏற்பட்டதே தவிர, மேதைகளை உற்பத்தி செய்வதற்காக ஏற்பட்டதன்று. நம் வீடுகளில் நெடுங்காலம் புழங்கிய அலுமினியப் பாத்திரத் தொழில்கூட, 1898இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அந்தப் பள்ளியின் பட்டறையில் நடத்திய சோதனையிலிருந்தே இந்நகரில் கிளைத்தது. நுண்கலையைக் கைத்தொழிலுக்கு மேலான ஜாதியாகக் கருதியவர்களுக்கு இந்தப் பிறப்பு ஒரு குறையாகத் தோன்றியிருக்கலாம். எனக்கு அது பெரும் பாக்கியமாகத் தோன்றுகிறது. ஓவியம் பயில வந்த மாணவன் உலைக்களத்தின் சுத்தியல் ஓசையைக் கேட்டபடியே கோடு போடக் கற்றான். சூளையில் வேகும் மண்ணின் மணம் அவன் வகுப்பறைக்குள் வந்தது. பின்னாளில் அவர்கள் எந்த வழியில் தம் நாட்டைக் கண்டடைந்தார்களோ அந்த வழி, அவர்கள் அறியாமலே, அங்கே அவர்கள் காலடியில் கிடந்தது.

1929இல் அப்பள்ளியின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரான தேவிபிரசாத் ராய் சௌதுரி, அவனீந்திரநாதரிடம் ஓவியம் பயின்றவராயினும், சிற்பத்தில் ஐரோப்பிய உருவ வழியையே பின்பற்றினார். மெரினாவில் பாறையைப் பெயர்க்கும் நான்கு உழைப்பாளரின் தசை முறுக்கில் அந்த வழியின் பலத்தை இன்றும் காணலாம். உழைப்பை இவ்வளவு மரியாதையோடு கடற்கரையில் நிறுத்திய நகரங்கள் அதிகமில்லை. அவரிடம் மாணவராயிருந்து பின்னர் அதே பள்ளியில் ஆசிரியரானவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர்; தொடக்கத்தில் நீரும் தென்னையும் வெளிச்சமும் நிறைந்த நீர்வர்ண நிலக்காட்சிகளால் பெயர் பெற்றவர்; 1944இல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கம் தோன்ற முதற்காரணமாயிருந்தவர். 1954இல் ஐரோப்பா சென்று தம் சித்திரங்களை அங்கே காட்சிக்கு வைத்து, மேலைநாட்டு நவீனர்களின் மூலச் சித்திரங்களின் முன் நின்று பார்த்துத் திரும்பிய பின்னர், வான்கோவும் காகினும் காட்டிய பாதையிலே எவ்வளவு தூரம் நடந்தாலும் அது பிறர் வீட்டு முற்றத்தில் உலாவுவதாகவே முடியும் என்னும் அதிருப்தி அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. 1957இல் பள்ளித் தலைவரானபோது அந்த அதிருப்தியைத் தம் மாணவர்களுக்கும் அவர் தொற்றவைத்தார். அவர் செய்த பெரும் உபகாரங்களுள் இதையே முதலாவதாக நான் வைப்பேன்.

1963 முதல் பணிக்கர் எழுதத் தொடங்கிய ‘சொற்களும் குறிகளும்’ என்னும் சித்திர வரிசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவன் ஒருவனுடைய கணக்குப் புத்தகத்தில் எண்களும் சூத்திரங்களும் கோட்டு வடிவங்களும் கலந்து கிடந்த ஒரு பக்கம் அவருடைய கண்ணில் பட்டதிலிருந்து அது தொடங்கியது என்பர். கித்தான் முழுவதும், மலையாள எழுத்தின் சாயலைக் கொண்டிருந்தும் வாசிக்க வராத வரிகள், ஜாதகக் கட்டங்கள், ராசிச் சக்கரத்தை நினைவூட்டும் வட்டங்கள், ஓரத்தில் ஒரு மீன், ஒரு பறவை, ஒரு மனித உருவம், இவையெல்லாம் எந்த அவசரமும் இன்றி ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அமர்ந்திருக்கும். ஆழத்தைக் காட்டும் ஐரோப்பிய உத்தி இங்கே இல்லை. வெளிச்சம் ஒரு திசையிலிருந்து விழுந்து நிழலை வீழ்த்துவதும் இல்லை. எழுத்தைப் படிக்க முயன்று தோற்கும் கண், சிறிது நேரத்தில் அதைப் படிக்க வேண்டியதில்லை என்று உணர்ந்து, எழுத்தைக் கோடாகவே அனுபவிக்கத் தொடங்குகிறது.

இதில் பாரதம் எங்கே என்று கேட்டால், ஜாதகக் கட்டத்தைச் சுட்டிக்காட்டி இதோ என்று சொல்லிவிடுவது பிழையாகும். ஜாதகக் கட்டம் வெறும் அடையாளச் சீட்டாக இருந்திருந்தால் சித்திரம் என்றோ செத்திருக்கும். எழுத்தும் எண்ணும் உருவமும் வேறுவேறு அறைகளில் பிரிந்து வாழாமல் ஒரே பரப்பில் கூடி வாழலாம் என்னும் மனப்பாங்கு, சுவடியிலும் பஞ்சாங்கத்திலும், பலகையிலும் துணியிலும் எழுதப்பட்ட சக்கரங்களிலும், இந்த நாட்டில் நூற்றாண்டுகளாகப் பழகிவந்த ஒன்று. கோயில் சுவரில் கல்வெட்டும் சிற்பமும் அடுத்தடுத்து நிற்பதைக் கண்டு வளர்ந்த கண்ணுக்கு, படத்தில் எழுத்து வருவது விந்தையாகத் தோன்றாது. பணிக்கர் மீட்டெடுத்தது அந்த மனப்பாங்கையே. பக்கம் நிரப்பும் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, அதன் மேல் இருந்த மந்திர அர்த்தத்தையும் சோதிட அர்த்தத்தையும் உதிர்த்துவிட்டு, ஓர் இருபதாம் நூற்றாண்டு மனிதனின் அமைதியின்மையை அதில் அவர் அமர்த்தினார். பழமையின் வழிமுறையை வைத்துக்கொண்டு அதன் பொருளை மாற்றிவிடுவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதை, பழமையின் உருவங்களை மட்டும் கடன் வாங்கி அலங்காரம் செய்பவர்களின் சித்திரங்களோடு ஒப்பிட்டால் விளங்கும்.

சிற்பத்தில் இதற்கு இணையான காரியத்தைச் செய்தவர் பி.வி. ஜானகிராம். அவர் செப்புத் தகட்டை அடித்து உருவம் எழுப்பி, அதன் மேல் கம்பிகளையும் உலோகத் துளிகளையும் பற்றவைத்து, கண்ணனையும் கணபதியையும் கிறிஸ்துவையும் சமைத்தார். இந்தச் சிற்பங்களைச் சுற்றிவந்து பார்ப்பதில் பெரும் பயன் ஏதுமில்லை. அவை முகத்துக்கு நேராக நிற்பவனையே எதிர்நோக்குகின்றன. எல்லாப் பக்கமும் கனமும் வளைவும் கொண்டிருப்பதே சிற்பத்தின் இலக்கணம் என்று பயின்ற ஐரோப்பிய விமர்சகருக்கு இது ஒரு குறையாகத் தோன்றும். ஆனால் கர்ப்பகிருகத்தின் முன் நிற்கும் நம்மவர் எவரும் மூலவரின் முதுகைப் பார்த்ததில்லை. கருங்கல் திருமேனியின் மேல் சாத்தப்படும் வெள்ளிக் கவசமும் செப்புக் கவசமும் நேருக்கு நேர் தரிசனத்துக்காக ஏற்பட்டவை. தகட்டின் மெல்லிய பரப்பிலே மேடுபள்ளங்களை எழுப்பி, தீப ஒளி அங்கங்கே தங்கி மின்னும்படி செய்வது அந்தக் கம்மியரின் வித்தை. அந்த வித்தையைக் கோயிலிலிருந்து பட்டறைக்குக் கொண்டுவந்து, வழிபாட்டுக்குரியதாக இல்லாத ஒரு நவீன உருவத்துக்கு அதை உரிமையாக்கினார் ஜானகிராம். கிறிஸ்துவின் உருவத்துக்கும் அந்தச் செப்புக் கவசம் இயல்பாகப் பொருந்திவிட்டது என்பதைக் காணும்போது, பண்பாடு சமயத்தைக் காட்டிலும் விசாலமானது என்னும் உண்மை எந்த உபந்நியாசமும் இல்லாமலே விளங்குகிறது. பணிக்கரின் புதல்வர் நந்தகோபால் அதே நேர்முகப் பாங்கைத் தொடர்ந்து, செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து, நடுகல்லையும் வாகனங்களையும் நினைவூட்டும் உருவங்களை எழுப்பினார்.

கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் சென்னைக் கலைஞர்களின் தனிச்சிறப்பு கோட்டில்தான் இருக்கிறது என்று அவர்களை நெருங்கி அறிந்த விமர்சகர்கள் ஒருமுகமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். வெளிச்சமும் நிழலும் சேர்ந்து உருவத்தைக் காட்டும் வழி ஒன்று உண்டு. கோடே உருவத்தைப் பிறப்பிக்கும் வழி இன்னொன்று. சிற்பி தனபால் களிமண்ணைக் கையாளும்போதுகூட உருவத்தின் ஓரத்தில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருப்பதை அவருடைய ஔவையாரிடம் காணலாம். திருவண்ணாமலையிலிருந்து வந்த சந்தானராஜின் கோடு, எங்கே தடித்து எங்கே மெலியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி, கை நினைப்பதைக் கண் பின்தொடர்வதாக அமைந்திருக்கும். விடியற்காலையில் வாசலில் குனிந்து, அளவுகோலும் அழிப்பானும் இன்றி, விரலிடுக்கில் மாவு வழியவிட்டுக் கோலமிடுகிற கைகளைப் பார்த்து வளர்ந்த ஒரு சமூகத்தில் இத்தகைய கோடு பிறந்ததில் ஆச்சரியமில்லை. திருச்சி ஜில்லாவின் கீராம்பூரிலிருந்து வந்த ஆதிமூலம், காந்தி நூற்றாண்டை ஒட்டி, 1969இல், மகாத்மாவைக் கோடுகளாலேயே நூறு விதமாக வரைந்து பார்த்தார். முகமே இல்லாத இடத்திலும் அந்தத் தோளின் சரிவும் தடியின் சாய்வும் காந்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன.

ஆதிமூலத்துக்குத் தமிழ் வாசகர்கள் செலுத்த வேண்டிய கடன் வேறு ஒரு வகையிலும் உண்டு. சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதித்தந்த தலைப்பெழுத்துகள், அச்சுக்கோப்பின் இறுக்கத்திலிருந்து தமிழ் எழுத்தை விடுவித்து, அதற்கு ஓர் உடல்மொழியைக் கொடுத்தன. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் வந்தபோது, அவருடைய கோடுகளின் வழியாகவே கரிசல் மண்ணின் மனிதர்களைக் கண்டவர்கள் நகரவாசிகளில் பலர். நெசவாளர் சேவை மையத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில் தறியும் சாயமும் நூலும் அவருடைய நித்தியப் பழக்கமாயிருந்தன. பிற்காலத்தில் அவர் உருவத்தையே துறந்து வர்ணப் பரப்புகளாக எழுதிய பெரிய சித்திரங்களில், அந்தப் பழக்கத்தின் சாரம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இனி ஈஞ்சம்பாக்கத்துக்கு வருவோம். கல்லூரியில் ஐந்தாறு ஆண்டுகள் பயின்று வெளியேறும் மாணவன் எப்படி உயிர்வாழ்வது என்னும் சாமானியக் கவலையிலிருந்து தோன்றியது சோழமண்டலம் ஓவியர் கிராமம். சித்திரம் வாங்குவோர் நகரத்தில் சொற்பம். வாங்குபவர்களிலும், தூதரக உத்தியோகஸ்தர்களும் வெளிநாட்டுப் பிரயாணிகளும் தம் ஊருக்கு எடுத்துச்செல்ல இந்தியத் தோற்றம் கொண்ட ஏதேனும் ஒன்றையே தேடினார்கள். அவர்களுடைய தேட்டத்துக்கு வரைந்து கொடுத்திருந்தால் ஜீவனம் நடந்திருக்கும், கலை நடந்திராது. பணிக்கரும் அவருடைய மாணவர்களும் வேறொரு வழியைக் கண்டார்கள். கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து, நாளின் ஒரு பகுதியை மெழுகும் சாயமும் கொண்டு செய்யும் பாத்திக் துணிகளுக்கும், தோல், உலோக வேலைகளுக்கும் ஒதுக்கி, அதில் வந்த பணத்தைச் சேர்த்து, 1966இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சுமார் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். சுமார் முப்பது கலைஞர்கள் அந்த மணற்காட்டில் குடியேறினர். அரசாங்க மானியத்தை நம்பாமல், தம் கைகளின் உழைப்பாலேயே நிலமும் கூரையும் தேடிக்கொண்ட இத்தகைய கலைஞர் குடியிருப்பு நம் நாட்டில் அபூர்வம்.

இந்தப் பொருளாதார ஏற்பாட்டைக் கலை விமர்சகர்கள் ஒரு சுவையான செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். சோழமண்டலத்துச் சித்திரங்களின் தன்மையையே நிர்ணயித்தது இந்த ஏற்பாடுதான் என்று நான் கருதுகிறேன். வயிற்றுப்பாட்டைக் கைவினை பார்த்துக்கொண்டதால் சித்திரம் எவருக்கும் இந்தியச் சான்றிதழ் காட்ட வேண்டிய கட்டாயத்திலிருந்து தப்பியது. அதோடு, காலையில் மெழுகு உருக்கித் துணியில் கோடிழுத்த கை மாலையில் கித்தான் முன் சென்று நிற்கும்போது, அந்தக் கை வேறு கையாக மாறிவிடுவதில்லை. கைவினையின் பொறுமையும் பொருளின் மேல் அதற்குள்ள மரியாதையும் சித்திரத்துக்குள் தாமாகவே புகுந்தன. நாட்டின் பண்பாட்டைப் படிப்பினால் தெரிந்துகொண்டு படத்தில் வைப்பதற்கும், அது விரல் நுனியில் பழக்கமாக ஏறிக்கொள்வதற்கும் உள்ள தூரத்தை அவர்கள் இவ்வாறு கடந்தார்கள். அந்தக் கிராமத்தில் வாழ்ந்த கே. ராமானுஜம், பேச்சுத் திக்கும், மனம் நொந்த பிள்ளையாகப் பணிக்கரிடம் வந்து சேர்ந்தவர், பேனா மையினால் மாளிகைகளும் நாகங்களும் இறக்கை முளைத்த உருவங்களும் நெருங்கி மிதக்கும் ஒரு கனவுலகைத் தனியொருவராக எழுதி எழுதி நிரப்பினார். 1973இல், முப்பது வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே, தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அவருடைய மேதைமையை எந்தக் கொள்கையும் விளக்கிவிடாது. ஆனால் அவரைப் போன்ற ஒருவருக்கு இடமளிக்கக்கூடிய நிழல் ஒன்று அந்த மணலில் இருந்தது என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும்.

இந்த இயக்கத்தின் மீது எனக்குள்ள அபிமானம் அதன் குறைகளைக் காணாதபடி என் கண்ணை மறைத்துவிடவில்லை. எழுபதுகளில் யந்திரமும் மண்டலமும் முக்கோணமும் விற்பனைக்குரிய முத்திரைகளாகி, தாந்திரிகம் என்னும் பெயரில் உயிரற்ற பல சித்திரங்கள் உலகச் சந்தைக்குச் சென்றன. குறியீட்டைக் கண்டுபிடித்தவனுக்கு அது ஒரு தரிசனம்; அதைப் பின்பற்றியவனுக்கு அது ஒரு வாய்ப்பாடு. பெண் கலைஞர்கள் மிகச் சிலரே அந்த வட்டத்தில் இடம்பெற்றார்கள். மரபு என்று அவர்கள் தேடிச்சென்றதில் கோயிலும் சுவடியும் பெற்ற இடத்தைச் சேரியின் பறையும் கிராம தேவதையின் சுடுமண்ணும் பெறவில்லை. விதிவிலக்காக, சுல்தான் அலி பஸ்தர் பழங்குடியினரின் உருவங்களை நாடிச் சென்றதையும், சீனிவாசுலு தோல்பாவையின் வர்ணங்களைக் கித்தானுக்குக் கொண்டுவந்ததையும் சொல்லலாம். ஒரு நாட்டின் பண்பாடு என்று சொல்லும்போது அந்த நாட்டில் எவருடைய பண்பாடு என்னும் வினா கூடவே எழ வேண்டும். அன்று அது போதுமான அளவுக்கு எழவில்லை.

இவர்களைத் தமிழ்க் கலைஞர்கள் என்று நாம் சொந்தம் கொண்டாடுவதிலும் நிதானம் வேண்டும். பணிக்கரின் தாய்மொழி மலையாளம். ரெட்டப்ப நாயுடுவும் சீனிவாசுலுவும் தெலுங்கு வழியினர். ஹரிதாசனும் விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் கேரளத்திலிருந்து வந்தவர்கள். 1956இல் மொழிவாரியாக மாகாணங்கள் பிரிந்தபோது வரைபடத்தில் விழுந்த கோடுகள் பெரியமேட்டுக் கல்லூரியின் வகுப்பறைக்குள் விழவில்லை. பழைய சென்னை ராஜதானியின் நான்கு மொழிகளும் அங்கே ஒரே பலகையைச் சுற்றி அமர்ந்திருந்தன. அவர்கள் கண்டடைந்த சுதேசம், மொழி எல்லைக்குள் அடங்காத ஒரு தென்னாட்டுச் சுதேசம். விஸ்வநாதன் பாரிஸில் குடியேறிய பின்னரும் இந்தியக் கடற்கரையெங்கும் சென்று மணல் சேகரித்து, அந்த மணலையே கருவாகக் கொண்டு ஒரு திரைப்படமும் எடுத்தார். கலைஞனின் விலாசம் மாறுவதால் அவனுடைய மண் மாறிவிடுவதில்லை.

அந்தத் தலைமுறை தொடங்கிவைத்த தேடல் இன்று எந்த உருவத்தில் இருக்கிறது என்று பார்க்கும்போது, இரு கலைஞர்கள் என் நினைவில் முந்தி நிற்கிறார்கள். அதே கல்லூரியில் பயின்ற பெனிதா பெர்சியாள், 2014ஆம் ஆண்டு கொச்சி–முசிறிஸ் கலைவிழாவில், சாம்பிராணி, பட்டை, கிராம்பு முதலிய வாசனைப் பொருள்களைக் குழைத்துச் செய்த கிறிஸ்தவ உருவங்களை வைத்தார். நறுமணப் பொருள்களைத் தேடி மேலைநாட்டுக் கப்பல்கள் வந்த கரையிலே, அந்தக் கப்பல்களோடு தொடர்புடைய ஒரு சமயத்தின் உருவங்கள் அதே பொருள்களால் ஆகி நிற்பதைக் கண்ணும் நாசியும் ஒருங்கே உணர்ந்தன. கோபுரமோ குடமோ அதில் இல்லை. ஆயினும் இந்தக் கரையைத் தவிர வேறெங்கும் அது பிறந்திருக்க முடியாது.

மற்றவர் யாழ்ப்பாணத்துத் தாமோதரம்பிள்ளை சனாதனன். போரினால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி அவர் கேட்டார். வரையப் பழகாத கைகள் கிணற்றையும் சாமி அறையையும் மாமரத்தையும் அவரவர் மனத்தில் எந்த அளவில் இருந்தனவோ அந்த அளவிலேயே வரைந்தன. அந்தப் படத்தையும், அதைக் கட்டடக் கலைஞர் சரியான அளவுமுறையில் திருப்பி வரைந்ததையும், அந்த வீட்டைக் குறித்துத் தாம் தீட்டிய சித்திரத்தையும் ஒருங்கு சேர்த்து, ஒல்லாந்தர் கால நிலப் பதிவேடுகளின் பெயரைத் தாங்கி, முற்றுப்பெறாத தோம்பு என்னும் பொருள்பட 2011இல் ஒரு நூலாக வெளியிட்டார். வீட்டை இழந்தவனுடைய கிணறு வீட்டைக் காட்டிலும் பெரிதாக வந்திருந்தால், அதை எந்த அளவுகோலால் திருத்துவது? பண்பாட்டை வெளிப்படுத்துவது என்பது சில வேளைகளில் கலைஞன் தன் கோட்டை ஒதுக்கிவைத்து, தன் ஜனங்களின் நடுங்கும் கோட்டுக்கு வழிவிடுவதாகவும் இருக்கக்கூடும் என்பதை, அந்த நூலைப் பார்த்த பின்னரே நான் முழுமையாக உணர்ந்தேன். பணிக்கரின் வாசிக்க முடியாத எழுத்துக்கும் இந்தத் தரைப்படங்களுக்கும் தூரம் அதிகம். ஆனால் இரண்டிலும் தேசம் ஒரு சின்னமாகத் தனித்து நிற்காமல், கோடு செல்லும் விதத்தில் கரைந்திருக்கிறது.

கலைஞர்களிடம் அடையாளத்தை வற்புறுத்திக் கேட்கும் நாம், அவர்கள் கொடுத்ததை எங்கே வைத்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு எஞ்சியிருக்கும் மனக்குறை. நவீனக் கலைக்கான தேசியக் காட்சிக்கூடம் 1954இல் டெல்லியிலும், 1996இல் மும்பையிலும், 2009இல் பெங்களூரிலும் திறக்கப்பட்டது. இந்நாட்டின் மிகப் பழைய கலைப் பள்ளிகளுள் ஒன்றைக் கொண்ட சென்னையில் அதன் கிளை இன்னும் ஏற்படவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் நவீனக் கலைப் பகுதிக்குள் எட்டிப் பார்க்கும் பள்ளிப் பிள்ளைகள் சொற்பம். சென்னைக் கலைஞர்களின் சிருஷ்டிகளை ஒரே இடத்தில் காண வேண்டுமானால், 2009இல் சோழமண்டலத்தார் தம் கிராமத்திலேயே அமைத்துக்கொண்ட காட்சியகத்துக்குத்தான் செல்ல வேண்டியிருக்கிறது. அதையும் அந்தக் கலைஞர்களே நமக்காகச் செய்திருக்கிறார்கள். ஜானகிராமின் செப்பும் சந்தானராஜின் கோடும் ராமானுஜத்தின் மையும் பொதுச்சொத்தாக ஒரு நிரந்தரக் கூரையின் கீழ் வந்து, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கட்டணமின்றி உள்ளே சென்று, காவற்காரரின் முறைப்பு இல்லாமல் ஒரு மணி நேரம் அவற்றின் முன் நின்று பார்க்க வழிசெய்வது மாநில அரசாங்கத்துக்குப் பெரிய செலவன்று. அதற்குரிய இடம் பெரியமேட்டில், அந்தப் பட்டறைகள் இருந்த வளாகத்திலேயே இருக்கிறது.